மணி அடிப்பதற்குள் கட்டுரை: வாசகர் கேள்வி – பதில்

வகுப்பில் நேரம் குறித்துக் கட்டுரை எழுதுவது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கேட்டவற்றுக்கு எங்கள் தமிழாசிரியர் குழு இங்கே பதில் தருகிறது. பெரும்பாலான கடிதங்கள் பத்தாம் வகுப்பிலிருந்து வந்தவை என்பதால் பதில்களும் அந்த வகுப்பையே மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கின்றன.

கேள்வி: என் வகுப்பில் 42 பேர். வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் கட்டுரையை இரண்டு பக்கம் நன்றாகவே எழுதிவருகிறார்கள். அதையே வகுப்பில் 20 நிமிடத்தில் எழுதச் சொன்னால் முன்னுரை, ஓர் உட்தலைப்பு, அதோடு நின்றுவிடுகிறது. தினமும் ஒரு கட்டுரை எழுதவைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. (தமிழாசிரியை, அருப்புக்கோட்டை)

தினமும் முழுக் கட்டுரை எழுதவைப்பதை முதலில் நிறுத்துங்கள், அம்மா. கட்டுரை எழுதுவது ஒரே வேலைபோலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. என்ன சொல்வது என்று முடிவு செய்ய வேண்டும், அதை வாக்கியமாக்க வேண்டும், கையால் எழுதி முடிக்க வேண்டும். பிள்ளை இந்த மூன்றில் எங்கே தேங்குகிறது என்று தெரியாமல் முழுக் கட்டுரையையே திரும்பத் திரும்ப எழுதவைத்தால் தேங்கும் பழக்கம்தான் ஊறிப்போகும்.

தேங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பீரியட் போதும். தலைப்பைக் கொடுத்து 20 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "கோடு" என்று மட்டும் சொல்லுங்கள். அவரவர் எழுதிக்கொண்டிருக்கும் வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட வேண்டும். பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் எத்தனை வரி என்று அவர்களே எண்ணட்டும். 2, 8, 8, 7 என்று வந்தால் அந்தப் பிள்ளைக்குத் தொடங்கத் தெரியவில்லை. தொடங்கிய பிறகு ஓடுகிறது. 8, 7, 3, 2 என்றால் கையிருப்புத் தீர்ந்துவிட்டது, அடுத்து என்ன என்பதை முன்பே யோசிக்கவில்லை. 4, 4, 4, 4 என்று சீராகக் குறைவாக இருந்தால் கை வேகத்தைப் பார்க்க வேண்டும். 7, 7, 7, 7 என்று வந்தும் கட்டுரை முடியவில்லை என்றால் ஒவ்வொரு பத்திக்கும் எவ்வளவு இடம் என்ற கணக்கு இல்லை என்று பொருள். நான்குக்கும் மருந்து வெவ்வேறு.

பெரும்பாலான வகுப்புகளில் முதல் இரண்டு வகைதான் அதிகம். இரண்டுக்கும் காரணம் குறிப்புச்சட்டகம். நம் பிள்ளைகள் கட்டுரையின் தொடக்கத்தில் அழகாகக் கட்டம் போட்டு, வினாத்தாளில் உள்ள குறிப்புகளை அப்படியே அதற்குள் எழுதி, அடிக்கோடும் இடுகிறார்கள். இரண்டு நிமிடம் போய்விடுகிறது. அந்தக் கட்டத்தில் புதிதாக ஒரு சொல்கூட இல்லை. யோசிப்பதற்கான இடம் அலங்காரத்துக்குப் போய்விட்டது.

முதல் வாரம் கட்டுரையே வேண்டாம். சட்டகம் மட்டும் போடப் பழக்குங்கள். ஒரு தலைப்பு, 3 நிமிடம், ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரில் மூன்று சொல். "நீர்நிலைகளைக் காப்போம்" என்ற தலைப்பில் "ஏரி, குளங்களின் பயன்" என்ற குறிப்பு இருந்தால் எதிரில் "பாசனம், கிணற்று நீர்மட்டம், கால்நடை" என்று வர வேண்டும். "சீரழிவு" என்றால் "ஆக்கிரமிப்பு, கழிவுநீர், தூர்". "மழைநீர்" என்றால் "2003, எல்லாக் கட்டடமும் கட்டாயம், நம் பள்ளிக் கூரை". தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட ஆண்டு 2003. அந்த ஓர் எண் ஒரு முழு வாக்கியத்தைப் பிள்ளைக்குத் தந்துவிடும். வாக்கியமாக எழுதத் தொடங்குபவரைத் தடுத்துவிடுங்கள், சொற்கள் மட்டும் போதும். ஒரு பீரியடில் நான்கு தலைப்பு முடியும். ஒவ்வொன்றும் முடிந்ததும் இருவரை வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் தங்களிடம் இல்லாத சொல்லைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் வாரம் ஓர் உட்தலைப்பு மட்டும். 3 நிமிடத்தில் ஐந்து அல்லது ஆறு வரி. ஒரு செய்தி, அதன் காரணம் அல்லது விளைவு, கண்முன் தெரியும் ஓர் எடுத்துக்காட்டு. "ஏரிகள் மிகவும் பயனுள்ளவை" என்று எழுதுபவருக்கு வாக்கியம் அத்துடன் முடிந்துவிடும். "ஏரியில் நீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் உயர்கிறது" என்று எழுதுபவருக்கு அடுத்த வாக்கியம் தானாக வரும். எழுதும் வேகம் இங்கேதான் பிறக்கிறது. பொதுவான சொல் பேனாவை நிறுத்தும், குறிப்பான சொல் நடத்தும். மாணவர்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மூன்றாம் வாரம் முன்னுரையும் மூன்று உட்தலைப்பும். நான்காம் வாரம்தான் முழுக் கட்டுரை. அதற்கும் 25 நிமிடம் கொடுங்கள். அடுத்த வாரம் 22, அதற்கடுத்து 20. முதல் நாளே 20 நிமிடம் என்று இறுக்கினால் பாதிப் பேர் முடிக்காமல் தாளைக் கொடுப்பார்கள்; முடிக்காமல் கொடுப்பது அவர்களுக்கு இயல்பாகிவிடும். முடித்துப் பழகிய பிள்ளையிடம் நேரத்தைக் குறைப்பது எளிது.

20 நிமிடத்தின் பங்கீடு இது: சட்டகம் 3, முன்னுரை 2, நான்கு உட்தலைப்புக்கு மும்மூன்றாக 12, முடிவுரை 1, திருத்தம் 2. இதைக் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: என் மகன் கைடில் உள்ள 20 கட்டுரைகளை வரி மாறாமல் ஒப்பிப்பான். தேர்வில் தலைப்புக் கொஞ்சம் மாறி வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான். இன்னும் கூடுதலாகக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யச் சொல்லலாமா? (ஒரு தாய், தேனி)

வேண்டாம் அம்மா. உங்கள் மகனின் உழைப்பு வீணில்லை, அது போகும் வழிதான் தவறு. வரி மாறாமல் மனப்பாடம் செய்த கட்டுரை கோத்த மணிபோல. ஒரு மணி நழுவினால் அடுத்தது கைக்கு வராது. தலைப்பு மாறினால் எந்த மணியை எடுப்பது, எதை விடுவது என்றும் தெரியாது.

அந்த 20 கட்டுரைகளையும் அவனே உடைத்துப் போடட்டும். ஒரு தபால் அட்டை அளவுள்ள தாளில் மூன்று உண்மைச் செய்திகள், ஒரு மேற்கோள், ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு, செய்யத்தக்க ஒரு வழி. அதற்கு மேல் எழுத இடம் இருக்கக் கூடாது. நூலகம் பற்றிய அட்டை ஒன்று: கன்னிமாரா நூலகம், சென்னை, 1896. அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023. சீர்காழியில் பிறந்த இரா. அரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டது 1931. ஊர் எடுத்துக்காட்டாக உங்கள் தெருவுக்கு அருகில் உள்ள கிளை நூலகம். "வாசிப்பை நேசிப்போம்", "எங்கள் ஊர் நூலகம்", "கல்வியின் சிறப்பு", "கைப்பேசியும் மாணவரும்" ஆகிய நான்கு தலைப்புக்கும் இந்த ஒரே அட்டை உதவும்.

சுற்றுச்சூழல், கல்வி, அறிவியல், சாலைப் பாதுகாப்பு, மொழி, உடல்நலம் என்று எட்டுப் பத்து அட்டைகள் போதும். இரவில் ஓர் அட்டையை எடுத்து, அதற்குப் பொருந்தும் புதிய தலைப்பு ஒன்றை நீங்கள் சொல்லுங்கள். அவன் எழுத வேண்டாம். எந்தச் செய்தி எந்த உட்தலைப்புக்குப் போகும் என்று வாயால் சொன்னால் போதும். ஐந்து நிமிட வேலைதான். தமிழ் எழுத வராத பெற்றோரும் இதில் உதவலாம்.

மேற்கோளில் ஓர் எச்சரிக்கை. அரைகுறையாக நினைவிருப்பதை மேற்கோள் குறிக்குள் போடக் கூடாது. தண்ணீர் பற்றிய கட்டுரை என்றால் "நீரின்றி அமையாது உலகு" என்று எழுதி அடியில் திருக்குறள் என்று போடும் பிள்ளைகள் மிகப் பலர். குறளில் உள்ள தொடர் "நீர்இன்று அமையாது உலகெனின்" என்பது. சொல் உறுதியாக நினைவில்லை என்றால், நீர் இல்லாமல் உலக வாழ்க்கை நடவாது என்கிறார் வள்ளுவர் என்று பொருளை மட்டும் எழுதிவிடலாம். அதில் பிழை என்று சொல்ல எதுவும் இல்லை.

கேள்வி: எனக்கு முன்னுரைக்கே பத்து நிமிடம் ஆகிவிடுகிறது. நல்ல தொடக்கம் வரும்வரை எழுதி எழுதி அடிக்கிறேன். (பத்தாம் வகுப்பு மாணவி, திருவாரூர்)

மூன்றே வாக்கியம், தங்கையே. எதைப் பற்றிப் பேசுகிறோம், அது ஏன் இன்று முக்கியம், இந்தக் கட்டுரை எவற்றைப் பார்க்கப் போகிறது. மூன்றாவது வாக்கியத்துக்கு உன் சட்டகத்தில் உள்ள உட்தலைப்புகளே போதும், யோசிக்கவே வேண்டாம். முதல் வாக்கியம் வரவில்லை என்றால் உன் ஊரில் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லித் தொடங்கு: "கோடையில் எங்கள் தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன."

முன்னுரைக்கு ஆறு வரி இடம் விட்டு, உடலை முதலில் எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் சரி. தேர்வில் அந்த இடம் வெற்றாகவே நின்றுபோவதுண்டு, அதனால் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: கை வலிக்கிறது, எழுத்தும் மெதுவாக வருகிறது. வேகமாக எழுதினால் கோழி கிண்டியதுபோல ஆகிவிடுகிறது. (ஒன்பதாம் வகுப்பு மாணவன், ஆம்பூர்)

மெதுவாக இருப்பது உன் கையா, யோசனையா என்று முதலில் பிரித்துப் பார், தம்பி. பாடநூலில் நன்றாகத் தெரிந்த ஒரு பத்தியை 5 நிமிடம் பார்த்து எழுது. சொற்களை எண்ணு. அடுத்த நாள் ஏதாவது தலைப்பில் சொந்தமாக 5 நிமிடம் எழுது. அதையும் எண்ணு. பார்த்து எழுதும்போது 60 சொல், சொந்தமாக எழுதும்போது 35 என்றால் உன் கையில் குறையே இல்லை. மேலே சொன்ன சட்டகப் பயிற்சியைச் செய். இரண்டிலும் 35 என்றால் கையைப் பழக்க வேண்டும்.

கைக்கு: பேனாவை முனைக்கு மிக அருகில் பிடித்து அழுத்தினால் விரல் வலிக்கும். ஓரிரு சென்டிமீட்டர் மேலே பிடி. தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார். எழுத்து புடைத்துக்கொண்டு நின்றால் நீ அழுத்தி எழுதுகிறாய். அழுத்தாமலே மை இறங்கும் பேனாவை வாங்கு, ஆனால் அதில் குறைந்தது ஒரு மாதம் பழகிய பிறகுதான் தேர்வுக்கு எடுத்துப் போ. ஜெல் பேனா சரளமாக ஓடும், உடனே காயாததால் கை பட்டு மை இழுபடும். இடக்கையால் எழுதுபவர்களுக்கு அது சரிவராது.

எழுத்து கெடுவது பெரும்பாலும் அளவு ஒத்துப்போகாததால்தான். ண, ன, ற, ர ஆகியவற்றின் சுழிகளையும் கால்களையும் தெளிவாகப் போட்டு, சொற்களுக்கு இடையே ஓர் எழுத்தளவு இடம் விட்டாலே, கோணலான எழுத்தும் படிக்கக்கூடியதாகிவிடும். புள்ளியை அந்தச் சொல் முடிந்தவுடன் வை. வரி முடிந்த பிறகு மொத்தமாக வைக்கலாம் என்று விட்டால் பாதி விடுபடும். தினமும் 10 நிமிடம், ஆறு வாரம். அதற்குள் வேகம் கூடுவதை நீயே எண்ணிப் பார்க்கலாம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். வாயால் சரளமாகப் பதில் சொல்லும் பிள்ளைக்கு எழுத்து மட்டும் விடாமல் தடுமாறுகிறது, எழுத்துகள் இடம் மாறுகின்றன, எவ்வளவு பழகியும் மாறவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள். கற்றல் குறைபாடு உள்ளதா என்று பரிசோதிக்க வேண்டும். சான்று உள்ளவர்களுக்கு நம் மாநிலப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும் சொல்வதை எழுதுபவர் உதவியும் கிடைக்கும். பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்; தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் நடக்காது. இந்த உரிமை இருப்பதே தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் ஆண்டுதோறும் திட்டு வாங்குகிறார்கள்.

கேள்வி: கட்டுரை எழுதவைப்பது எளிது, திருத்துவதுதான் மலை. மாதம் ஒன்றுக்கு மேல் என்னால் முடியவில்லை. (தமிழாசிரியர், அறந்தாங்கி)

உங்கள் கணக்கு நியாயமானது, ஐயா. வகுப்பில் 40 பேர் என்றால் ஒரு கட்டுரைக்கு 6 நிமிடம் வைத்தாலும் 4 மணி நேரம். ஆனால் பயிற்சிக் கட்டுரைகள் அனைத்தையும் முழுமையாகத் திருத்த வேண்டியதில்லை. ஓர் உட்தலைப்பு மட்டும் எழுதிய தாளுக்கு ஒன்றரை நிமிடம் போதும், மொத்தம் ஒரு மணி நேரம். சட்டகங்களைத் திருத்தவே வேண்டாம்; நடந்துகொண்டே பார்த்துவிடலாம்.

முழுக் கட்டுரை எழுதிய வாரத்தில் பத்துத் தாளை மட்டும் முழுதாகத் திருத்துங்கள், அடுத்த வாரம் வேறு பத்து. மற்றவற்றைப் பக்கத்து மாணவர் பார்க்கட்டும். அவரிடம் "பிழை திருத்து" என்று சொல்லாதீர்கள், சரியானதையும் அடித்துவிடுவார். மூன்று கேள்விக்கு மட்டும் விடை எழுதச் சொல்லுங்கள்: எல்லாக் குறிப்புக்கும் பத்தி இருக்கிறதா? குறிப்பான செய்தி இல்லாத பத்தி எது? எந்த வாக்கியம் புரியவில்லை?

பிழைக்குச் சரியான வடிவத்தை நீங்களே எழுதித் தருவதால்தான் நேரம் கரைகிறது. ஓரத்தில் "ச" என்றால் சந்தி, "ஒ" என்றால் ஒருமை பன்மை, "எ" என்றால் எழுத்து. எங்கே என்று தேடித் திருத்துவது மாணவர் வேலை. தேடுகிறவருக்குத்தான் அது மனத்தில் நிற்கும்.

கேள்வி: பொதுத்தேர்வில் கட்டுரை கடைசியில் வருவதால் நேரம் போதவில்லை. அதை முதலில் எழுதிவிடலாமா? (பத்தாம் வகுப்பு மாணவன், பண்ருட்டி)

பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளில் கடைசிப் பகுதி மூன்று எட்டு மதிப்பெண் வினாக்கள், மொத்தம் 24. நூற்றில் கிட்டத்தட்டக் கால்பங்கு. நேரம் போதாமல் போவதற்குக் காரணம் அது கடைசியில் இருப்பதல்ல, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அரைப் பக்கம் எழுதுவதுதான்.

கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போடு. வினாத்தாளை வாசிக்க 10:00 முதல் 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம், எழுதத் தொடங்குவது 10:15. ஒரு மதிப்பெண் பதினைந்தும் 10:25-க்குள். இரண்டு மதிப்பெண் பகுதி 10:50 வரை. மூன்று மதிப்பெண் 11:20 வரை. ஐந்து மதிப்பெண் ஐந்தும் 12:05 வரை. அதன்பின் மூன்று கட்டுரைக்கும் தலா 20 நிமிடம், 1:05. பத்து நிமிடம் மிச்சம். 12:05 ஆகியும் ஐந்து மதிப்பெண்ணில் ஒரு வினா பாக்கி என்றால் அதை விட்டுவிட்டுக் கட்டுரைக்குப் போ. கடைசியில் திரும்பி வரலாம்.

வரிசையாக எழுதிப் பழகியவர்கள் வரிசையை மாற்றாமல் இருப்பதே நல்லது. மாற்றுவதாக இருந்தால் அரையாண்டுத் தேர்விலேயே மாற்றிப் பார்த்துவிடு, வினா எண்ணை மறக்காமல் தெளிவாகப் போடு. வாசிப்பு நேரத்தில் கடைசிப் பகுதியை முதலில் படித்துவிடு. எந்தத் தலைப்பை எழுதுவது என்ற முடிவு அப்போதே ஆகிவிட்டால், சட்டகத்துக்கான சொற்கள் மற்ற விடைகளை எழுதும்போதே மனத்தில் சேரத் தொடங்கும். எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கருப்பு மை மட்டுமே. நிறம் மாற்றி அலங்கரிக்கும் நேரமும் மிச்சம்.

கேள்வி: கடைசி இரண்டு நிமிடத்தில் எதைத்தான் திருத்துவது? முழுதாகப் படிக்க முடியவில்லையே. (ஆசிரியை, புதுச்சேரி)

முழுதாகப் படிக்கவே கூடாது. அவரவர் வழக்கமாகச் செய்யும் மூன்று பிழைகள் எவை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவற்றை மட்டும் தேடட்டும். அதிகம் தென்படுவது "மரங்கள் வளர்கின்றது" வகை. பன்மை எழுவாய்க்கு "வளர்கின்றன" வர வேண்டும். அடுத்தது "ஏரியை காக்க", "பள்ளிக்கு செல்ல" என்று ஒற்று விடுவது. ஐ, கு உருபுகளுக்குப் பின்னும் அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்ற ஒன்றை மட்டும் பிடித்தாலே பிழை கணிசமாகக் குறையும். அதோடு, "வந்த பையன்", "எழுதிய கட்டுரை" போன்ற இடங்களில் ஒற்றுப் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆர்வத்தில் எல்லா இடத்திலும் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: நன்றாகப் படிக்கும் பெண். ஆனால் "நேரம் தொடங்குகிறது" என்றதும் எல்லாம் மறந்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். (ஒரு தந்தை, நாமக்கல்)

அந்த நேரத்தில் "யோசி, யோசி" என்று யார் சொன்னாலும் பயன் இல்லை ஐயா. கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். தலைப்பையும் வினாத்தாளில் உள்ள உட்தலைப்புகளையும் அவள் எழுதத் தொடங்கட்டும். அதற்கு நினைவாற்றல் தேவையில்லை. பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரில் என்ன, ஏன், யார், எங்கே, எப்படி என்ற ஐந்தில் எதற்கு விடை தெரிகிறதோ அதற்கு ஒரு சொல். முன்னுரையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை, எந்த உட்தலைப்பின் சொல் முதலில் வருகிறதோ அங்கிருந்து சட்டகம் நிரம்பலாம். இதை வீட்டில் வாரம் மூன்று முறை, கடிகாரம் வைத்து, மதிப்பெண் போடாமல் செய்யுங்கள்.

வகுப்பாசிரியரிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது "இன்னும் பத்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம்" என்று சத்தமாகச் சொன்னால் இத்தகைய பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் வாக்கியத்தின் நடுவில் அறுந்துபோவார்கள். மீதி நிமிடத்தைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழித்து மாற்றினால் போதும். பார்க்க வேண்டியவர் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார்.